நூறு பெண்களில் எத்தனை பேருக்கு?

(மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய சிகிச்சை குறித்து நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



மார்பகப் புற்றுநோய் பற்றிய கூட்டங்களில் நாம் பெரும்பாலும் பேசுவது கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதைப் பற்றி. பேச வேண்டியதுதான். ஆனால் கட்டியைக் கண்டுபிடித்து, ஆபரேஷனும் முடிந்து, தையல் பிரித்து, பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வருகிற அந்தச் சில வாரங்களைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் குறைவு. புறநோயாளிப் பிரிவில் நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கும் கேள்வி அந்த வாரங்களுக்கு உரியது. “கட்டியைத்தான் எடுத்தாச்சே டாக்டரம்மா, அப்புறம் எதுக்குக் கீமோ? எதுக்குக் கரண்ட்டு?”

கரண்ட்டு என்று அவர்கள் சொல்வது கதிர்வீச்சை. நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையான பதில் சொல்ல எண்கள் வேண்டும். இன்று நான் முன்வைக்க வந்த கருத்து ஒன்றுதான். அறுவைக்குப் பின் தரும் சிகிச்சை எல்லாமே, இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாத ஒன்றுக்குத் தரும் சிகிச்சை. ஆகவே அதன் பயனை ‘உங்களைப் போன்ற நூறு பெண்களில் இத்தனை பேருக்கு’ என்ற கணக்கில், அந்தப் பெண்ணிடமே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாமல் வாங்கும் கையெழுத்தை நான் சம்மதமாக எண்ணுவதில்லை. இதை ஏழு பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. கண்ணுக்குத் தெரியாததற்குத்தான் சிகிச்சை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் ஒரு முறையை நிலைநாட்டினார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குளின் நெறிகட்டிகளையும் சேர்த்து எடுத்துவிடும் அறுவை அது. நோய் மார்பிலிருந்து படிப்படியாக, ஓர் ஒழுங்கில் வெளியே பரவுகிறது; ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அதன் அடிப்படை. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம் உலகமே இதைப் பின்பற்றியது. பெண்களின் கைகள் வீங்கின, தோள் தூக்க முடியாமல் போனது. இவ்வளவு வெட்டிய பிறகும் பலருக்கு எலும்பிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் நோய் திரும்பி வந்தது.

பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் அந்த அடிப்படையையே கேள்வி கேட்டார். கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே சில செல்கள் ரத்தத்தின் வழியே வெளியேறியிருக்கலாம். அப்படியானால் அகலமாக வெட்டி என்ன பயன் என்றார். 1971-லும் 1976-லும் அவர் தலைமையில் தொடங்கிய இரு ஆய்வுகள் இதைச் சோதித்தன. இரண்டாவது ஆய்வில், மார்பகத்தை முழுதும் எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் இருபது ஆண்டுகள் கழித்தும் ஒரே அளவில்தான் உயிரோடிருந்தார்கள். கட்டியை மட்டும் எடுத்தவர்களில் கதிர்வீச்சு பெறாத நூறு பேரில் 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. பெற்ற நூறு பேரில் 14 பேருக்குத்தான் திரும்பியது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி நடத்திய ஆய்வும் மார்பகத்தைக் காப்பாற்றலாம் என்ற அதே முடிவைச் சொன்னது.

அதே மிலானில் ஜியானி பொனடோனா என்ற மருத்துவர் மறுபாதியைச் செய்தார். அறுவை முடிந்து, ஸ்கேனில் எதுவும் தெரியாத, ஆனால் நெறிகட்டியில் நோய் இருந்த பெண்களுக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கீமோ கொடுத்தார். 1976-இல் வெளிவந்த முதல் முடிவில், 27 மாதங்களுக்குள் நோய் திரும்பியவர்கள் கீமோ பெறாத நூறு பேரில் 24 பேர். பெற்ற நூறு பேரில் 5 பேர். அந்தச் சிறு கட்டுரையிலிருந்துதான் இன்றைய பழக்கம் வளர்ந்தது.

‘கட்டியைத்தான் எடுத்தாச்சே’ என்ற கேள்விக்குப் பதில் இந்த வரலாற்றில் இருக்கிறது. எடுத்தது தெரிந்த கட்டியை. கீமோவும் கதிர்வீச்சும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும் தெரியாத செல்களுக்கு. அந்தச் செல்கள் உங்கள் உடம்பில் மிச்சம் இல்லாமலும் இருக்கலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை மருத்துவர்களாகிய நாம் சொல்லத் தயங்குகிறோம். தயங்கக் கூடாது என்பதே என் கட்சி.

2. ரிப்போர்ட்டின் சில வரிகள்

முடிவு தொடங்குவது பயாப்சி ரிப்போர்ட்டில். நான்கைந்து செய்திகள் போதும்: கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குளில் எடுத்த நெறிகட்டிகளில் எத்தனையில் நோய் இருக்கிறது, கிரேடு ஒன்றா இரண்டா மூன்றா, ஹார்மோன் ஏற்பிகளான ஈஆர், பிஆர் பாசிட்டிவா, மூன்றாவது ஏற்பியான ஹெர்-2 என்ன. ஹெர்-2 ‘2+’ என்று வந்திருந்தால் அது முடிவான பதில் இல்லை. ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை தேவை. அந்தச் சோதனையைச் செய்யாமலே சிகிச்சையைத் தொடங்கிவிட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ரிப்போர்ட்டின் நகல் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெர்-2 பாசிட்டிவ் நோய்க்கும், மூன்று ஏற்பிகளும் இல்லாத ட்ரிப்பிள் நெகட்டிவ் நோய்க்கும் இப்போது பல நேரங்களில் கீமோவை அறுவைக்கு முன்பே தருகிறோம். அந்தப் பெண்களுக்கு, அறுவையில் எவ்வளவு நோய் மிச்சமிருந்தது என்பதே அடுத்த முடிவைத் தீர்மானிக்கும். இன்று நான் பேசுவது முதலில் அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றி.

3. மூன்றில் ஒரு பங்கு என்பது எதில் மூன்றில் ஒரு பங்கு?

என் உரையின் நடுப்பகுதி இது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட ஒரு கூட்டு ஆய்வுக்குழு, உலகெங்கும் நடந்த மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகத் திரட்டிப் பல பத்தாண்டுகளாக அலசி வருகிறது. 123 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் ஒரு லட்சம் பெண்களின் விவரத்தை வைத்து 2012-இல் அது சொன்ன முடிவு: இன்றைய கீமோ முறைகள், பத்தாண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன. வயது, கட்டியின் அளவு, நெறிகட்டியின் நிலை எதுவானாலும் இந்த விகிதம் பெரிதாக மாறவில்லை.

‘மூன்றில் ஒரு பங்கு’ என்றதும் எல்லோரும் தலையாட்டுவோம். இப்போது இரண்டு பெண்களை எண்ணிக்கொள்ளுங்கள். இருவரும் கணக்குக்காக நான் உருவாக்கியவர்கள். முதலாமவரைப் போன்ற நூறு பேரில், கீமோ இல்லாமல் பத்தாண்டுகளில் இந்த நோயால் இறக்கக்கூடியவர்கள் 6 பேர். கீமோ கொடுத்தால் அது 4 ஆகும். நூறு பேரும் முடி கொட்டி, வாந்தி எடுத்து, நரம்பு மரத்து, கீமோவைத் தாங்க வேண்டும். பயன் இரண்டு பேருக்கு. மீதி 98 பேரில் 94 பேர் கீமோ இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். 4 பேரைக் கீமோவாலும் காப்பாற்ற முடியாது. இரண்டாமவரைப் போன்ற நூறு பேரில் இறக்கக்கூடியவர்கள் 45 பேர். அங்கே அதே மூன்றில் ஒரு பங்கு 15 உயிர்கள்.

மருந்து ஒன்று, விகிதமும் ஒன்று. ஆனால் இந்த இரண்டு பெண்களுக்கும் ஒரே வார்த்தையில் “கீமோ போட்டுக்கிட்டா நல்லதும்மா” என்று சொன்னால், முதலாமவருக்கு நாம் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டாமவருக்கு உண்மையின் முழுக் கனத்தையும் சொல்லவில்லை.

இதற்காகவே கருவிகள் உண்டு. 2001-இல் பீட்டர் ராவ்டின் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கணிப்பு முறையை இணையத்தில் வெளியிட்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் ‘பிரெடிக்ட்’ என்ற கருவி உருவானது. வயது, கட்டியின் அளவு, கிரேடு, நெறிகட்டி, ஏற்பிகள் ஆகியவற்றைக் கொடுத்தால், அறுவை மட்டும், மாத்திரை சேர்த்து, கீமோவும் சேர்த்து என்று ஒவ்வொன்றுக்கும் நூறு பெண்களில் எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள் என்று அது காட்டும். இவை மேலைநாட்டுப் பெண்களின் தரவில் எழுந்தவை. நம் நாட்டில் இந்நோய் வரும் சராசரி வயது மேலைநாடுகளைவிட ஏறக்குறைய பத்தாண்டு குறைவு. சிகிச்சைக்கு வரும்போது நோய் முற்றியிருப்பதும் அதிகம். ஆகவே எண்ணை அப்படியே வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டா, பதினைந்தா என்ற வேறுபாட்டைக் காட்ட அது போதும். அந்த வேறுபாடுதான் முடிவுக்கு வேண்டியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயன் சிறியது என்று சொன்னால் நோயாளி கீமோ வேண்டாம் என்று போய்விடுவார் என்பது பல மருத்துவர்களின் அச்சம். கீமோவை அனுபவித்து முடித்த பெண்களிடமே, எவ்வளவு பயன் கிடைத்தால் இந்தக் கஷ்டம் தகும் என்று ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். மருத்துவர்கள் நினைப்பதைவிடச் சிறிய பயனுக்கே தகும் என்று சொன்னவர்கள் ஏராளம். நூற்றில் ஒன்று, இரண்டு கூடினாலும் போதும் என்றவர்களும் உண்டு. சிறு பிள்ளைகள் இருக்கும் ஒரு தாய்க்கு அந்த இரண்டு மிகப் பெரிய எண்ணாக இருக்கலாம். எழுபது வயதில் சர்க்கரையும் இதய நோயும் உள்ள ஒருவருக்கு அது சிறியதாக இருக்கலாம். எண்ணைச் சொல்வது நம் பொறுப்பு. அதன் எடையை நிறுப்பது அவருடைய உரிமை.

4. குறைத்துக்கொள்ளலாம் என்பதும் அறிவியல்தான்

சிகிச்சையைக் கூட்டுவது மட்டுமே முன்னேற்றம் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் உறவினர்களிடமும் ஆழமாக இருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளின் மிக நல்ல ஆய்வுகளில் பல, எதை விட்டுவிடலாம் என்று சொன்னவை.

ஈஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், நெறிகட்டியில் நோய் இல்லாத பெண்களின் கட்டியில் 21 மரபணுக்களை அளந்து மதிப்பெண் தரும் ஒரு சோதனை உண்டு. ‘டெய்லர்எக்ஸ்’ ஆய்வு அதை வைத்து, நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களைக் கீமோவுடன், கீமோ இல்லாமல் என இரு குழுக்களாகப் பிரித்தது. 2018-இல் வந்த முடிவின்படி, ஒன்பது ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் இரண்டு குழுவிலும் நூற்றுக்கு 94 பேர். ஐம்பது வயதுக்கு உட்பட்ட சிலருக்கு மட்டும் கீமோவால் ஓரளவு பயன் தெரிந்தது. அந்தச் சோதனைக்கு நம் நாட்டில் சில லட்ச ரூபாய் ஆகிறது, பெரும்பாலோரால் முடியாது. பெங்களூரில் உருவான ‘கேன்அசிஸ்ட் பிரெஸ்ட்’ போன்ற, விலை குறைந்த சோதனைகளும் வந்திருக்கின்றன. எதுவுமே செய்ய முடியாதபோதும் கிரேடும் ஏற்பிகளும் கட்டியின் அளவும் நிறையவே சொல்லும். சோதனைக்கு வசதியில்லை என்பதற்காக எல்லோருக்கும் கீமோ என்று முடிவெடுப்பது நியாயமாகாது.

கதிர்வீச்சிலும் இப்படியே. எழுபது வயதைக் கடந்த, சிறிய, ஈஆர் பாசிட்டிவ் கட்டியுள்ள பெண்கள், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் கதிர்வீச்சு கொடுத்து, பாதிப்பேருக்குக் கொடுக்காமல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பத்தாண்டுகளில் மார்பிலோ அக்குளிலோ நோய் திரும்பியவர்கள், கொடுத்தவர்களில் நூற்றுக்கு 2. கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 10. ஆயுளில் வேறுபாடில்லை. இரண்டு முடிவுமே நியாயமானவை. தேர்வு அந்த மூதாட்டியுடையது. கதிர்வீச்சு தேவைப்படுகிறவர்களுக்கும் ஐந்து, ஆறு வாரம் என்பது இப்போது மூன்று வாரமாகிவிட்டது. 2020-இல் பிரிட்டனின் ‘ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்’ ஆய்வு, ஐந்தே நாளில் ஐந்து முறை கொடுத்தாலும் நோயைக் கட்டுப்படுத்துவதில் குறைவில்லை என்று காட்டியது. வெளியூரில் அறை எடுத்துத் தங்கி, கூலியை விட்டுவிட்டு வரும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று உங்களுக்கே தெரியும். உங்கள் மருத்துவமனையில் எத்தனை நாள் என்று கேளுங்கள்.

5. அவகாசம் உண்டு; அதற்கு எல்லையும் உண்டு

“நாளைக்கே அட்மிட் ஆகணும்” என்ற அவசரம் அறுவைக்குப் பின் பெரும்பாலும் தேவையில்லை. அறுவை முடிந்து நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் கீமோவைத் தொடங்குவது வழக்கம். யோசிக்க, இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க, குழந்தை பெற விரும்பும் இளம்பெண் கருமுட்டையைப் பாதுகாப்பது பற்றிப் பேச, இந்த நாட்கள் போதும்.

ஆனால் இந்த அவகாசம் மாதக் கணக்கில் நீளக் கூடாது. கலிஃபோர்னியாவின் நோய்ப் பதிவேட்டை வைத்து 2016-இல் வந்த ஓர் ஆய்வில், அறுவைக்கு 90 நாட்களுக்குப் பிறகு கீமோ தொடங்கியவர்களின் ஆயுள் குறைந்திருந்தது. ட்ரிப்பிள் நெகட்டிவ் நோயில் அந்த இழப்பு அதிகம். நம் ஊரில் இந்த 90 நாட்கள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும். காப்பீட்டு அட்டையில் பெயர் தவறாக இருக்கிறது, மகளின் கல்யாணம் முடியட்டும், ஒரு மண்டலம் நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம். இவற்றைச் சொல்லும் குடும்பத்தைத் திட்டி அனுப்பினால் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். காலண்டரை எடுத்து, “கல்யாணத்துக்குப் போங்க, இந்தத் தேதிக்குள்ள வந்துடுங்க” என்று ஒரு தேதியை எழுதிக் கொடுத்தால் வருவார்கள்.

6. ஐந்தாண்டு மாத்திரையை யாரும் சிகிச்சையாக நினைப்பதில்லை

கீமோவுக்குக் குடும்பமே திரண்டு வருகிறது. ஒரு சின்ன மாத்திரைக்கு யாரும் வருவதில்லை. ஈஆர் பாசிட்டிவ் நோயுள்ள பெண்களில் பலருக்குக் கீமோவைவிட அதிகப் பயன் தருவது அந்த மாத்திரைதான். ஐந்தாண்டு டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களில், பதினைந்து ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 24, சாப்பிடாதவர்களில் 33. மாத்திரையை நிறுத்தி நெடுநாள் ஆன பின்னும் அந்தப் பயன் நீடித்தது.

ஆனாலும் உலகெங்கும் ஏராளமான பெண்கள் ஐந்தாண்டு முடியும் முன்பே அதை நிறுத்திவிடுகிறார்கள். உடம்பு திடீரென்று தீயாய்க் காய்கிறது, வியர்க்கிறது, தூக்கமில்லை. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்றவற்றில் மூட்டு வலி. காலையில் எழுந்து விரலை மடக்க முடிவதில்லை. “வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறார். மாத்திரையை மாற்றலாம், நடைப்பயிற்சி உதவும், கால்சியமும் எலும்பு அடர்த்திச் சோதனையும் உண்டு. டமாக்சிஃபெனில் ரத்தம் உறைதலும், வயதானவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயும் அரிதாக வரலாம். மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு தெரிந்தால் உடனே வர வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே சொல்ல வேண்டும். செவிலியர்களே, இந்த இடத்தில் எங்களைவிட உங்களால் அதிகம் செய்ய முடியும்.

7. யாரிடம் சொல்கிறோம், யார் செலவில்

அறைக்கு வெளியே மகன் என்னைப் பிடித்துக்கொள்கிறார். “டாக்டரம்மா, எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லுங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாங்க.” அன்பினால் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு மாதம் ஊசி குத்திக்கொள்ளப் போவது அம்மா. மார்பகத்தை இழந்தவரும் அவரே. தனக்கு என்ன என்று அவருக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மற்றவர்கள் பேச மறுப்பதால் அவரும் பேசாமல் இருக்கிறார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. 1970-கள் வரை அமெரிக்காவில், கட்டியுள்ள பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்து, மேசையிலேயே சோதித்து, புற்றுநோய் என்றால் அப்படியே மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும் வரை தனக்கு மார்பகம் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், 1974-இல் தன் கட்டிக்கு அப்படிச் செய்யச் சம்மதிக்க மறுத்தார். ஆராய்ந்து புத்தகம் எழுதினார், மருத்துவ மாநாடுகளில் எழுந்து நின்று கேள்வி கேட்டார். 1979-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கருத்தொருமைக் கூட்டம், சோதனையையும் அறுவையையும் தனித்தனியே செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் குஷ்னரும் இருந்தார். அன்று அவர் கேட்டது, இரண்டுக்கும் நடுவே யோசிக்கச் சில நாட்கள். நாம் கேட்பதும் அதுதான்.

மகனை உள்ளே அழைத்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அம்மாவைப் பார்த்துப் பேசுவது என் வழக்கம். “எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்கம்மா?” என்று முதலில் கேட்பேன். “நீங்களும் பையனும் பார்த்து முடிவு பண்ணுங்க” என்று அவரே சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவு. மதிக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் அவரிடம் பேச வேண்டும். ஹெர்-2 பாசிட்டிவ் நோய்க்கான டிராஸ்டுசுமாப் ஊசி, கீமோவுடன் சேரும்போது பத்தாண்டுகள் கழித்து உயிரோடிருப்பவர்களை நூற்றுக்கு 75-லிருந்து 84 ஆக்கியது. நூற்றில் ஒன்பது பேர் என்பது பெரிய பயன். இந்தியாவிலேயே அதே தன்மையுள்ள மருந்து தயாராகி 2014 வாக்கில் விற்பனைக்கு வந்தபின் விலை இறங்கியது. இருந்தும் ஓராண்டு ஊசி பலருக்கு எட்டவில்லை. 2019-இல் பிரிட்டனின் ‘பெர்செஃபோனி’ ஆய்வு, ஆறு மாதம் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன் என்றது. ஃபிரான்சில் நடந்த ஆய்வால் அதை உறுதிசெய்ய முடியவில்லை. ஆகவே ஓராண்டே இன்றும் பொது விதி. ஆனால் ஓராண்டுக்கு வழியில்லாத பெண்ணுக்கு ஆறு மாத ஊசியைக் கூடச் சொல்லாமல் அனுப்புவது பெரும் தவறு. மாதவிடாய் நிற்காத, ஈஆர் பாசிட்டிவ் நோயுள்ள பெண்களுக்குச் சினைப்பையை எடுத்து டமாக்சிஃபென் கொடுத்து, வியட்நாமிலும் சீனாவிலும் நடத்திய ஓர் ஆய்வும் உண்டு. 2002-இல் வெளியான அதன் முடிவில், இந்த எளிய சிகிச்சை நோய் திரும்புவதை வெகுவாகக் குறைத்தது. கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் சினைப்பையை எடுத்துப் பார்த்து 1896-இல் வெளியிட்ட முடிவின் நீட்சி அது. விலை உயர்ந்ததுதான் நல்ல சிகிச்சை என்று நினைத்துக் கடன் வாங்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதை முதல் கீமோவுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது கீமோவோடு பணம் தீர்ந்து நிற்பவர்களை எல்லா மருத்துவமனைகளும் அறியும்.

கடைசியாக, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு “வேண்டாம்” என்று சொல்லும் பெண்ணைப் பற்றி மாணவர்களுக்கு ஒன்று. அவரிடம் ‘சொல்பேச்சு கேட்கவில்லை’ என்று கோப்பில் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. அப்படி அனுப்பப்பட்டவர்கள், அடுத்த முறை முதுகு வலியோ மூச்சுத் திணறலோ வரும்போது நம்மிடம் வரக் கூசி, காலங்கடந்து வருகிறார்கள். கீமோ வேண்டாம் என்றவர் மாத்திரைக்குச் சம்மதிக்கலாம், அதைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உடல் பரிசோதனைக்கும், ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராமுக்கும் தேதி கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து மனம் மாறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தொலைபேசி எண்ணையும் அதே சீட்டில் எழுதுங்கள்.